இடமறியும் இல்லம்

மாடிப்படியிலும் நடைக்கூடத்திலும் ஆள் வந்த அளவில் தானே ஒளிரும் மின்விளக்கை இக்காலத்துப் பலரும் கண்டிருப்பர். இருட்டிலே வருபவருக்கு அது துணை. இரு கைகளிலும் சுமையுடையவருக்குப் பெருந்துணை. ஆயின் அதே விளக்கை ஒரு வாசிப்பறையிலே பொருத்திவிட்டால் அதன் பேதைமை வெளிப்பட்டுவிடும். ஒருவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து நூலொன்றில் ஆழ்ந்திருப்பார். உடல் அசைவதில்லை. சில நிமிடங்களில் விளக்கு அணைந்துவிடும். அவர் கையை உயர்த்தி வீசுவார், ஒளி வரும். மீண்டும் நூலில் ஆழ்வார்; மீண்டும் இருள் வரும். அவ்விளக்கினுள் இருக்கும் உணரி, மனித உடலின் வெப்பக் கதிர் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பெயர்வதை மாத்திரமே அறியும். அசையாமலும் ஒருவர் இருத்தல் கூடும் என்பதும், அவர் இருப்பது வாசிப்பதற்கென்றே இடப்பட்ட நாற்காலி என்பதும் அதற்குத் தெரியா.

ஒருவனைப் பேசத் தெரிந்தவன் என்று தமிழர் பாராட்டுவது, இடம், பொருள், ஏவல் என்ற மூன்றையும் அறிந்து பேசுகின்றபோதுதான். அம்மூன்றனுள் இடம் முதலில் நிற்கின்றது. திருவள்ளுவரும் காலமறிதலை 49ஆம் அதிகாரமாகவும் இடனறிதலை 50ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்துள்ளார். அவர் அங்கே கருதியது போர்க்களத்து இடமேயாயினும், செய்யும் வினை இடத்தால் வேறுபடும் என்ற கருத்து வீட்டுக்கும் பொருந்துவதே. எந்திரங்களுக்கும் இவ்விடமறிவைப் புகட்டலாமா என்பது கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி அறிஞர் ஆராய்ந்துவரும் வினாவாகும். சுவரும் வாயிலும், மேசையும் கட்டிலும் எவ்வாறு அமைந்துள்ளன என்னும் இட அமைப்பைக் கொண்டே ஒரு வீடோ அலுவலகமோ தன்னுள் நிகழ்வதை உணர்ந்து தொழிற்படச் செய்வது அவர்கள் கருத்து.

இவ்வெண்ணம் உருப்பெற்ற இடங்களுள் ஒன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பாலோ அல்ற்றோ என்னும் ஊரிலிருந்த செரொக்ஸ் ஆராய்ச்சி நிலையம். அங்கே பணியாற்றிய மார்க் வைசர் என்பவர் 1991ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஓர் அறிவியற் சஞ்சிகையில், வருங்காலக் கணினி மேசைமீது வீற்றிருந்து மனிதரின் முழுக் கவனத்தையும் வேண்டி நில்லாது, சுவரிலும் ஏட்டிலும் தளபாடத்திலும் கரந்து நின்று பணிபுரியும் என்று எழுதினார். கரந்து நிற்கும் பணியாளுக்குக் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க இயலாது. அவனே குறிப்பறிந்து செய்தல் வேண்டும். அதே நிலையத்தைச் சேர்ந்த பில் ஷிலிற், நோர்மன் அடம்ஸ், றோய் வோன்ற் ஆகிய மூவரும் 1994இல் அக்குறிப்பறிதலுக்கு ஓர் இலக்கணம் வகுத்தனர். ஒருவர் எங்கே இருக்கின்றார், யாருடன் இருக்கின்றார், அருகிலே என்னென்ன கருவிகள் உள்ளன என்ற மூன்றுமே அவர்கள் சிறப்பாகக் கொண்டவை. உற்று நோக்கினால் பின்னைய இரண்டும் முதலாவதிலிருந்தே பிறப்பன என்பது விளங்கும். இருவர் இருக்கும் இடம் தெரிந்தால், அவர்கள் கூடியிருப்பதும் தெரியும்; கருவி இருக்கும் இடம் தெரிந்தால், அது அருகில் உள்ளதும் தெரியும்.

இக்கருத்து நடைமுறையில் முதன்முதல் நன்கு பயன்பட்ட களம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகராகும். அங்கே ஒலிவெத்தி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. அதில் வேலை செய்தோர் தத்தம் அறையில் நிலையாக இருப்பவரல்லர். ஒருவர் இன்னொருவரின் அறைக்குச் செல்வர், பரிசோதனைச் சாலைக்குச் செல்வர், கூட்டத்துக்குச் செல்வர். வெளியிலிருந்து தொலைபேசி அழைப்பு வரும்போது வரவேற்பாளர் ஆளைத் தேடி அறை அறையாக மணி ஒலிக்கச் செய்ய வேண்டியிருந்தது. இத்தொல்லையைத் தீர்க்க றோய் வோன்ற், அன்டி ஹொப்பர் முதலியோர் ஒரு சிறு சின்னத்தை ஆக்கினர். அது 55 மில்லிமீற்றர் நீள அகலமும் 7 மில்லிமீற்றர் தடிப்பும் 40 கிராம் நிறையும் உடையது, சட்டையிற் குத்திக்கொள்ளத்தக்கது. பதினைந்து செக்கனுக்கு ஒருமுறை, ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு நேரம், அது தனக்கேயுரிய இலக்கத்தைச் செந்நிறக்கீழ்க் கதிராக வீசும். தொலைக்காட்சிப் பெட்டியைத் தூரத்திலிருந்து இயக்கும் கைக்கருவி வீசுவதும் அத்தகைய கதிரே. ஒவ்வோர் அறையிலும் பொருத்தப்பட்ட வாங்கி அவ்விலக்கத்தைப் பிடித்து நடுக் கணினிக்கு அறிவிக்கும். வரவேற்பாளரின் திரையிலே பெயர்ப் பட்டியலும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் இப்போதுள்ள அறையும், அங்குள்ள தொலைபேசி இலக்கமும் தோன்றும். இம்முறை பற்றிய கட்டுரை 1992இல் வெளிவந்தது.

இதில் வியக்கத்தக்கது சின்னத்தின் நுட்பமன்று, சுவரின் பணி. செந்நிறக்கீழ்க் கதிர் சுவரை ஊடுருவாது. ஆகவே ஓர் அறையில் வீசிய கதிர் அவ்வறையின் வாங்கிக்கு மாத்திரமே எட்டும். எந்தக் கணக்கும் போடாமலே, இவர் இந்த அறையில் இருக்கின்றார் என்ற முடிவு கிடைத்துவிடுகின்றது. வானொலி அலையைப் பயன்படுத்தியிருந்தால், அது சுவர்களைக் கடந்து நான்கு அறைகளுக்கு அப்பாலும் சென்று குழப்பம் விளைத்திருக்கும். கட்டடக் கலைஞன் வேறு நோக்கத்துக்காக எழுப்பிய சுவரே இங்கு எல்லைக்கல்லாக நின்று கணினிக்கு உதவியது. குறைந்த அறிவுள்ள கருவி, நிறைந்த அமைப்புள்ள கட்டடத்தை நம்பிப் பிழைத்தது என்றும் சொல்லலாம்.

மின்கலத்தைச் சிக்கனப்படுத்துவதற்கு அவர்கள் கையாண்ட உத்தியும் சுவையானது. சின்னத்தில் ஒளியை உணரும் உறுப்பொன்று வைத்தனர். இருளில் அதன் பணி ஓயும். மாலையில் வீடு செல்பவர் அதனை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டால் அதுவும் உறங்கிவிடும். கணினியின் திரையும் தன் அறியாமையை மறையாது காட்டியது. சிறிது நேரம் ஒருவர் தென்படாவிட்டால் இறுதியாகக் கண்ட நேரத்தைச் சொல்லும். ஒரு நாளாகிவிட்டால் கிழமையின் பெயரைச் சொல்லும். ஒரு வாரம் கடந்தால் அவர் இங்கில்லை என்று சொல்லிவிடும். பின்வந்த பல கருவிகள் தமக்குத் தெரியாததையும் தெரிந்ததுபோல அறுதியிட்டுக் கூறும் இயல்பின. அவற்றோடு ஒப்பிடுகையில் இவ்வடக்கம் போற்றத்தக்கது.

எனினும் ஒரு வினா உடனே எழுந்தது. ஒருவர் இருக்குமிடத்தைக் கேட்கலாம். அவருடன் இருப்போர் யார் எனக் கேட்கலாம். ஓர் அறையில் உள்ளோர் யாவர் எனக் கேட்கலாம். கடந்த ஒரு மணி நேரத்தில் அவர் எங்கெங்கே சென்றார் என்பதையும் கேட்கலாம். இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கட்டளைகள் அம்முறையில் இருந்தன. ஆளைத் தேட உதவிய கருவியே ஆளை வேவு பார்க்கவும் உதவும் அல்லவா? அதனை ஆக்கியோரும் இதனை உணர்ந்தே இருந்தனர். தம் கட்டுரையிலேயே அது குறித்து எழுதினர். விரும்பாதவர் சின்னத்தைக் கழற்றி வைத்துவிடலாம் என்பது ஒரு விடை. ஆனால் எல்லோரும் அணியும் இடத்தில் ஒருவர் மட்டும் கழற்றி வைத்தால், கழற்றியதே ஒரு செய்தியாகிவிடுகின்றது. இவ்விடயத்துக்குப் பின்னர் வருவோம்.

அறையை அறிந்தால் போதுமா? ஒரு பெரிய மண்டபத்தில் இருபது மேசைகள் இருந்தால், மண்டபத்தில் இருக்கின்றார் என்ற செய்தியால் பயனில்லை. எந்த மேசையருகில், எந்தத் திரையை நோக்கி நிற்கின்றார் என்பதே வேண்டுவது. ஆதலின் அதே கேம்பிரிட்ஜ்க் கூடத்தார் இரண்டாவதொரு முறையை வகுத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் வௌவால். பெயருக்கேற்ப அது கழியொலியால் இயங்குவது; மனிதச் செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வுடைய ஒலியே கழியொலி. கையடக்கமான ஒரு கருவியை ஒவ்வொருவரும் அணிந்திருப்பர். நடு நிலையம் வானொலி அலைவழி அதன் இலக்கத்தைச் சொல்லி அழைத்ததும், அது ஒரு சிறு கழியொலித் துடிப்பை எழுப்பும். கூரையிலே ஒழுங்காகப் பதிக்கப்பட்ட வாங்கிகள் அத்துடிப்பு வந்து சேர எடுத்த நேரத்தை அளக்கும். காற்றில் ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 343 மீற்றர் செல்லும். ஆகவே ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் செல்லும். நேரம் தெரிந்தால் தூரம் தெரியும். பல வாங்கிகளிலிருந்து தூரங்கள் தெரிந்தால், அவை யாவும் ஒருங்கே பொருந்தும் புள்ளி தெரியும். இவ்வாறு ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் அளவு நுட்பமாக ஒருவரின் நிலையைக் கணித்தனர். 2001ஆம் ஆண்டளவில், மூன்று மாடிகளைக் கொண்ட அக்கட்டடத்தில் 50 பணியாளரும் 200 வௌவாற் கருவிகளும் கூரைகளில் 750 வாங்கிகளும் இருந்தன.

மூன்று சென்ரிமீற்றர் நுட்பம் கிடைத்தபின் வேறொரு தொல்லை தலைதூக்கியது. கணினிக்கு இப்போது கிடைப்பவை வெறும் எண்கள். கிழக்கே இத்தனை மீற்றர், வடக்கே இத்தனை மீற்றர், உயரம் இத்தனை மீற்றர் என்பன. இவ்வெண்களால் ஒருவருக்கு என்ன பயன்? அவர் தம் மேசைக்கு வந்துவிட்டார் என்பதன்றோ வேண்டிய செய்தி! முன்னைய முறையில் சுவர் தந்த எல்லையை இம்முறையில் மனிதரே வரைந்து கொடுக்க வேண்டியதாயிற்று. விசைப்பலகையைச் சுற்றி ஒரு வட்டாரம். தொலைபேசியைச் சுற்றி ஒரு வட்டாரம். நடமாடும் மனிதரைச் சுற்றியும் அவரோடு கூடவே பெயரும் ஒரு வட்டாரம். மனிதரின் வட்டாரம் விசைப்பலகையின் வட்டாரத்துள் அடங்கியதும், அவர் வேறிடத்தில் விட்டுவந்த வேலை அத்திரையிலே தோன்றும். அவர் அகன்றால் அதுவும் அகலும். எல்லைக்கோட்டிலேயே நின்று முன்னும் பின்னும் அசைபவர் விடயத்தில் திரை மின்னி மின்னி மறையுமே என்று கேட்கலாம். அதற்கு வழக்கமான பரிகாரம் புகுவதற்கு ஒரு சிறிய எல்லையும் வெளியேறுவதற்கு ஒரு பெரிய எல்லையும் வைப்பதே. வீட்டு வாசலில் விடைபெற்ற பின்னரும் படலை வரையில் நின்று கதைப்பவரை விருந்தினராகவே கருதுவதைப் போன்றது இது.

அங்கே செய்யப்பட்ட இன்னொரு வேடிக்கையும் குறிப்பிடத்தக்கது. சுவரில் ஒரு காகிதச் சுவரொட்டியை ஒட்டி, அதிலே பொத்தான்களைப் படமாக அச்சிட்டனர். கம்பியில்லை, மின்சாரமில்லை. ஒருவர் தம் கருவியை அப்படத்தின்மேல் வைத்து அழுத்தினால், அவர் கை எந்த இடத்தில் உள்ளது என்பதைக் கொண்டே கணினி அப்பொத்தான் எதுவெனத் தீர்மானித்து அதற்குரிய வேலையைச் செய்தது. வெறும் வெளியின் ஒரு துண்டே அங்கு பொத்தானாயிற்று.

இனி இதனினும் ஆழமான சிக்கலுக்கு வருவோம். தூரம் ஒன்றே அண்மையைத் தீர்மானிப்பதில்லை. ஒரு சுவரின் இருபுறமும் இருவர் சாய்ந்து அமர்ந்திருக்கலாம். அவர்களிடையே உள்ள தூரம் ஒரு சாண். ஆயின் ஒருவர் இருப்பது தன் வீட்டில், மற்றவர் இருப்பது அயலவர் வீட்டில். அண்மையில் உள்ள அச்சுப்பொறி எது என்று கேட்டால், நேர் மேலே அடுத்த மாடியில் மூன்று மீற்றரில் உள்ளதைக் காட்டும் கணினி, படியேறிச் சுற்றிச் செல்ல வேண்டிய வழியை எண்ணவில்லை. ஆகவே இட அமைப்பைக் கணினிக்குச் சொல்லும்போது அளவுகளோடு நில்லாது, எந்த அறை எந்த அறையோடு வாயிலால் இணைந்துள்ளது, எது எதனுள் அடங்கியது, எது எதனைத் தொட்டு நிற்பது என்னும் உறவுகளையும் சொல்லுதல் வேண்டும். இவ்வுறவுகளை எண்களின் உதவியின்றியே ஆராயும் ஒரு தருக்கமும் உண்டு. ராண்டல், குயி, கோன் என்போர் 1992இல் வெளியிட்ட முறைப்படி, இரு பரப்புகளுக்கிடையே இருக்கத்தக்க உறவுகள் எட்டே. முற்றும் பிரிந்திருத்தல், விளிம்பு தொடுதல், ஓரளவு மேற்படிதல், ஒன்றேயாதல், ஒன்றன் விளிம்பைத் தொட்டவாறு மற்றது அதனுள் அடங்குதல், தொடாது அடங்குதல், பின்னைய இரண்டன் மறுதலைகள் என்பன அவை. வட்டாரங்களின் நீள அகலம் தெரியாவிடினும், கட்டில் இந்த அறைக்குள், இந்த அறை இம்மாடிக்குள், ஆகவே கட்டில் இம்மாடிக்குள் என்று முடிவுகட்ட இத்தருக்கம் போதும்.

வாயில்களின் இணைப்பைப் பற்றி ஆராய்ந்தோர் கணினி அறிஞர் மட்டும் அல்லர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பில் ஹிலியரும் ஜூலியன் ஹான்சனும் 1984இல் வெளியிட்ட நூலொன்றில், ஒரு கட்டடத்தின் ஒவ்வோர் அறையையும் தெருவிலிருந்து எத்தனை வாயில் கடந்து அடையலாம் எனக் கணக்கிட்டு, அதனை அவ்வறையின் ஆழம் எனக் கொண்டனர். அந்நியர் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம், வீட்டார் எங்கே தனித்திருக்கலாம் என்ற சமூக வழக்கங்கள் இவ்வாழத்திலே பதிந்து கிடக்கின்றன. இவ்வறிவைக் கணினிக்கு ஊட்டினால், வீட்டு முன்கூடத்துத் திரையில் மருத்துவரின் கடிதத்தைக் காட்டலாகாது, உள்ளறைத் திரையிற் காட்டலாம் என்று அதுவே அனுமானிக்க இயலும். நண்பர் வந்து அமரும் இடம் எது, குடும்பத்தார் மட்டும் புழங்கும் இடம் எது என்று யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வாயில்களை எண்ணினாலே போதும். எப்போதும் சரியாயிருக்கும் என்று சொல்வதற்கில்லை. எனினும் அறியாமையிலும் ஊகம் நன்று.

மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவினர் 2000ஆம் ஆண்டளவில் அமைத்துக் காட்டிய வரவேற்பறையொன்றில் இக்கருத்துக்கள் பல ஒன்றுகூடின. அங்கே அணிவதற்குச் சின்னம் ஏதுமில்லை. ஆழத்தையும் உணரவல்ல கமராக்கள் அறையில் உள்ளோரின் நடமாட்டத்தைத் தொடர்ந்து நோக்கின. அறை, நாற்காலி, திரை, விளக்கு ஆகியன ஒவ்வொன்றும் எங்குள்ளது, எத்திசை நோக்கியது, எவ்வளவு பரப்புடையது என்பதையும், அவ்வளவுகளில் எத்துணை ஐயம் உண்டு என்பதையும் குறித்த ஒரு வரைபடம் கணினியில் இருந்தது. ஒருவர் மேசையை விட்டு எழுந்து நெடிய இருக்கையில் அமர்ந்தால், அவர் வேலை அவ்விருக்கைக்கு எதிரேயுள்ள பெருந்திரைக்கு மாறும். விளக்குகளும் அதற்கேற்ப மாறும். தொடக்கத்திற் கூறிய வாசிப்பறை விளக்கின் பேதைமை இங்கு தீர்ந்துவிடுகின்றது. அசையாதவரையும் அவ்வறை மறவாது.

இவ்வளவும் அறிந்தபின்னும் அறியாதது ஒன்று எஞ்சி நிற்கின்றது. உணவருந்தும் மேசை எப்பொழுதும் உணவருந்தும் மேசையா? காலையில் அதன்மேல் உணவு, பகலில் காய்கறி, மாலையில் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகள், இரவில் வீட்டுக் கணக்கு. தளபாடத்தின் பெயரைக் கொண்டு செயலைத் தீர்மானிக்கும் கணினி, பிள்ளை கணக்குப் போடும் நேரத்திலே விருந்துக்குரிய மெல்லிசையை ஒலிக்கத் தொடங்கிவிடும். ஸ்ரீவ் ஹாரிசன், போல் டூரிஷ் என்ற இருவர் 1996இல் இதனைத் தெளிவுபடுத்தினர். அளக்கத்தக்க வெளி வேறு. மனிதர் தம் வழக்கத்தால் பொருள் கொடுத்து ஆக்கிக்கொள்ளும் இடம் வேறு என்பது அவர்கள் வாதம். தமிழிலக்கணத்தார்க்கு இது புதிதன்று. அகப்பொருளின் முதற்பொருளைக் கூறவந்தபோது அவர்கள் நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே கூறினர். இரண்டும் சேர்ந்த பின்னரே இன்ன ஒழுக்கம் என்பது விளங்கும்.

இச்சிக்கலைத் தீர்க்க அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தினர் 2003இல் ஒரு வழி கண்டனர். வட்டாரங்களை மேசை நாற்காலிகளைப் பார்த்து முன்கூட்டியே வரையாமல், அங்கே இருப்பவர் உண்மையில் எங்கே நிற்கின்றார், எங்கே அமர்கின்றார், எங்கே உலவுகின்றார் என்பதைக் கமராவாற் பல நாள் நோக்கி, ஒத்த செயல்கள் குவியும் பகுதிகளைத் தனித்தனி வட்டாரங்களாக வகுத்தனர். தலை எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதிலிருந்து நிற்றலும் இருத்தலும் பிரித்தறியப்பட்டன. அவ்வகையில் ஓர் அறையின் படம் தச்சனின் வரைபடத்தினின்றும் வேறுபட்டு, பலரும் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையைப் போலத் தானே உருவாகின்றது.

இவையெல்லாம் விளக்கேற்றவும் இசை மீட்டவும் திரையை மாற்றவும் மட்டுமாயின், வசதியுடையோரின் விளையாட்டு என்று தள்ளிவிடலாம். தனியே வாழும் முதியோரின் விடயத்திலேதான் இம்முயற்சியின் உண்மைப் பயன் தெரிகின்றது. ஒரு மூதாட்டி நாற்பது நிமிடம் அசையாதிருக்கின்றார் என்று ஓர் உணரி அறிவிப்பதாகக் கொள்வோம். அச்செய்தி தன்னளவில் பொருளற்றது. அவர் கட்டிலில் இருந்தால் அது உறக்கம். நாற்காலியில் இருந்தால் ஓய்வு. குளியலறை வாயிலில் தரைமீது இருந்தால் அது விழுகை. உடனே யாரேனும் ஓடிவர வேண்டும். அசைவின்மை ஒன்றே, இடமே அதற்குப் பொருள் கொடுக்கின்றது. நள்ளிரவில் கட்டிலுக்கும் குளியலறைக்கும் இடையிலுள்ள வழியில் மட்டும் தாழ்ந்த ஒளி பரவச் செய்தல், குளியலறைக்குச் சென்றவர் வழக்கத்திலும் நெடுநேரம் வெளிவராவிட்டால் பிள்ளைக்கு அறிவித்தல் ஆகியனவும் இவ்விட அறிவின்றி நடவா. கட்டில்கொண்டு வாழும் நாட்டார் வகுத்த கருவியைப் பாய் விரித்துத் துயிலும் வழக்கமுள்ள வீட்டில் அப்படியே பொருத்தினால், அது ஒவ்வோரிரவும் விபத்து விபத்து என்று அலறும் என்பதும் இங்கு நினைத்தற்குரியது.

அமெரிக்காவின் அற்லாண்டா நகரில் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிலையத்தினர் இத்தகைய ஆராய்ச்சிக்கென்றே ஒரு முழு வீட்டைக் கட்டினர். 5,040 சதுர அடிப் பரப்புள்ள அவ்வீட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக ஒத்த அமைப்புடைய இரு வாழ்விடங்கள் அமைந்தன. அங்கு ஆராயப்பட்டவற்றுள் ஒன்று தரை. தரைப்பலகையின் கீழ் நிறையை உணரும் உறுப்புக்களைப் பொருத்தி, காலடி பதியும்போதும் எழும்போதும் அழுத்தம் மாறும் விதத்தைக் கொண்டு நடப்பவர் இன்னார் என அறிய முயன்றனர். 2000இல் வெளியிட்ட முடிவின்படி நூற்றுக்கு 93 தடவை அது சரியாக அறிந்தது. வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தோர், படியேறும் ஓசையைக் கேட்டே வருபவர் இன்னார் எனச் சொல்வதில்லையா? அது போன்றதே இது. சின்னம் அணிய மறந்துவிடும் முதியோருக்குத் தரை மறவாது.

அதே நிலையத்தைச் சேர்ந்த எலிசபெத் மைனற் முதலியோர் செய்த இன்னொரு பொருள் மனத்தைத் தொடுவது. தொலைவில் வாழும் பிள்ளையின் வீட்டுச் சுவரில், தாயின் நிழற்படம் ஒரு சட்டகத்துள் தொங்கும். அச்சட்டகத்தைச் சுற்றிப் பட்டாம்பூச்சிகள். ஒரு நாளுக்கு ஒன்று. அன்று தாயின் வீட்டில் நடமாட்டம் மிகுதியாக இருந்தால் பட்டாம்பூச்சி பெரிது. குறைவாக இருந்தால் சிறிது. தாய் எந்த அறையில் என்ன செய்தார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. கமராப் படமும் இல்லை. வழக்கம்போல எழுந்து நடமாடினார் என்ற ஆறுதல் மட்டுமே அவருக்குக் கிடைக்கும். எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை மட்டுமன்றி எவ்வளவு சொல்லாமல் விட வேண்டும் என்பதையும் எண்ணிச் செய்த கருவி என்ற வகையில், நுட்பமான பல பொறிகளிலும் இஃது உயர்ந்தது.

முன்னர் விட்டுவந்த வேவு பற்றிய வினாவுக்கு இங்கு திரும்பலாம். இடத்தை அறிவது யார் என்பதே அதன் முடிச்சு. கேம்பிரிட்ஜ் முறைகள் இரண்டிலும் மனிதர் சைகை எழுப்புவர். கட்டடம் அதனைக் கேட்டு அறிந்துகொள்ளும். மசாச்சுசெற்ஸ் நிலையத்தில் நிசங்க பிரியந்த, அனித் சக்ரபோர்த்தி, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் 2000இல் இதனைத் தலைகீழாக மாற்றினர். அவர்கள் முறையின் பெயர் சில்வண்டு. கூரையிலே பொருத்திய சிறு கருவிகள் வானொலி அலையையும் கழியொலியையும் ஒருங்கே எழுப்பி, இது இன்ன இடம் என்று அறிவித்துக்கொண்டிருக்கும். ஒளியின் வேகத்தில் வரும் வானொலி அலை முன்னே வந்துவிடும். கழியொலி பின்னே வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்த்து இடி விழுந்த தொலைவை மதிப்பிடும் முறையே இது. மனிதர் கையிலுள்ள கருவி அவ்விடைவெளியை அளந்து தான் எங்கு இருக்கின்றது எனத் தானே அறியும். கட்டடத்துக்கு அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. விரும்பினால் அவர் சொல்லலாம்; விரும்பாவிட்டால் வாளாவிருக்கலாம். ஊர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்து வழிப்போக்கன் தான் வந்துள்ள ஊரை அறிகின்றான். பலகை வழிப்போக்கனை அறிவதில்லை. நுட்பத்தில் இரு முறைகளும் உடன்பிறந்தவை. ஆயினும் வாழ்பவரின் மானத்துக்கு அவற்றிடையே உள்ள வேறுபாடு பெரிது.

கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடம் 2002இல் மூடப்பட்டது. அங்கு முளைத்த கருத்துக்கள் பலவும் இன்று கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. செய்மதிகளைக் கொண்டு இடமறியும் முறை திறந்த வெளியில் நன்கு பயன்படினும், 20,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் அம்மெல்லிய அலைகள் கூரைக்குள் நம்பத்தக்கனவாக எட்டுவதில்லை. அதனால் வீட்டினுள் இடமறிய 2019 முதல் சில கைத்தொலைபேசிகளில் மிகக் குறுகிய வானொலித் துடிப்புகளின் பயண நேரத்தை அளக்கும் உறுப்பொன்று சேர்க்கப்பட்டது. ஒரு செக்கனின் நூறுகோடியிலொரு பங்கில் வானொலி அலை 30 சென்ரிமீற்றர் செல்லும் என்பதை நினைத்தால், அவ்வளவையின் அருமை புலனாகும். தரையைத் தானே உலவித் துப்புரவு செய்யும் பொறிகளும் 2010ஆம் ஆண்டளவிலிருந்து கமராவாலும் லேசர் ஒளியாலும் வீட்டின் வரைபடத்தைத் தாமே வரையத் தொடங்கின. கூட்டுவதற்காக வாங்கிய பொறி, எத்தனை அறை, எங்கே வாயில், எங்கே கட்டில் என்ற முழுச் செய்தியையும் சேர்த்து வைத்துவிடுகின்றது. அவ்வரைபடம் வீட்டுக்குள்ளேயே தங்குகின்றதா, பொறியை விற்றவரின் கணினிக்குச் செல்கின்றதா என்பதை வாங்கும்போதே கேட்டறிதல் வேண்டும். பலர் விலையை மட்டுமே கேட்கின்றனர்.

துப்புரவுப் பொறியின் வரைபடத்துக்கு ஒரு நற்பேறு உண்டு. நாள்தோறும் உலவுவதால், தளபாடம் பெயர்ந்தால் மறுநாள் அதுவும் திருத்திக்கொள்ளும். முதியோரைக் காக்கும் முறைகளுக்குப் பெரும்பாலும் அப்பேறு இல்லை. பொருத்த வந்தவர் கட்டில் இங்கே, நாற்காலி அங்கே என்று ஒருமுறை வட்டாரம் வரைந்து கொடுத்துவிட்டுச் செல்வார். வெயிற்காலம் வரும். மூதாட்டி காற்றை வேண்டித் தம் கட்டிலைச் சன்னலோரமாக நகர்த்துவித்து, நல்ல காற்று வீச அயர்ந்து உறங்கிவிடுவார். கணினியின் படத்திலோ கட்டில் பழைய இடத்திலேயே வெறுமையாகக் கிடக்கும். சன்னலோரத் தரையில் ஒருவர் நெடுநேரமாக அசையாது கிடப்பதாக அது கொள்ளும். நள்ளிரவு கடந்து, வேற்றூரில் இருக்கும் மகனின் தொலைபேசி மணி ஒலிக்கும். அவர் பதறித் தாயை அழைப்பார். பலமுறை ஒலித்தபின் உறக்கம் கலைந்த தாய் எடுத்து, இந்நேரத்தில் உனக்கு என்ன ஆயிற்று, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று மகனைக் கேட்பார்.